சாமிகிட்ட என்ன கேட்டு வேண்டிக்கிறதுன்னே தெரியலை

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கேன், எழுதறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

எங்க ஊரு பண்ருட்டி பக்கம். வீட்டுக்காரருக்குப் பலா மண்டியில வேலை. 20 வருஷமா பழத்தைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். விரல் முட்டியால ரெண்டு தட்டு தட்டினா போதும், இது நாளைக்குப் பழுத்துடும், இது நாலு நாள் தாங்கும், சென்னை லாரியில ஏத்துன்னு சொல்லிடுவார். ரெண்டரை வருஷம் முன்னாடி கால் வீங்குதேன்னு டாக்டர்கிட்ட போனோம். ரத்தத்துல கிட்னி வடிகட்டவேண்டிய கழிவு, கிரியாட்டினின்னு சொல்றாங்களே, அது 9-ஐத் தாண்டியிருந்துச்சு. பிளட் பிரஷரைக் கவனிக்காம விட்டதுல ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சுன்னாங்க. அன்னையிலேருந்து செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். போனா 4 மணி நேரம். முதல்வர் காப்பீட்டு அட்டையில போகுது. அதனால பணத்தைப் பத்தி இங்க புலம்ப வரலை.

தண்ணிதான் கஷ்டம். முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் போச்சோ அதோட 500 மில்லி, ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அவருக்கு 200 மில்லி போனாலே பெரிசு. ஆக 700. காபி, ரசம், மாத்திரை போடற தண்ணி எல்லாம் அதுக்குள்ள அடக்கம். ஒரு பாட்டில்ல மார்க்கர் பேனாவால கோடு போட்டு, காலையில 700 வரைக்கும் தண்ணி பிடிச்சு வச்சிடுவேன். அவர் ஒரு டம்ளர் காபி குடிச்சார்னா, பாட்டில்லேருந்து ஒரு டம்ளர் தண்ணியை எடுத்துத் துளசிக்கு ஊத்திடுவேன். மிச்சம் எவ்வளவு இருக்குன்னு ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியும். இந்தக் கத்திரி வெயில்ல மத்தியானம் 3 மணிக்கே பாட்டில் காலி. அதுக்கப்புறம் அவர் வாய் திறந்து கேட்க மாட்டார். உதட்டை நாக்கால நனைச்சுக்கிட்டு திண்ணையில உட்கார்ந்திருப்பார். எனக்குத் தாகம் எடுத்தா கொல்லைப்பக்கம் போயிடுவேன். சொம்புல மொண்டா சத்தம் கேட்கும்னு குழாயடியில குனிஞ்சு கையில ஏந்திக் குடிப்பேன்.

பலாச்சுளை ஒண்ணுகூடத் தொடக்கூடாதுன்னு கட்டளை. பொட்டாசியம் ஏறினா இதயமே நின்னுடுமாம். பண்ருட்டியில பொறந்து, நாள் முழுக்க அந்த வாசனையிலயே நிக்கிற மனுஷன்.

என் கிட்னியைக் குடுக்கறேன்னு நான்தான் முதல்ல போய் நின்னேன். எனக்குச் சர்க்கரை இருக்குங்கறதே அந்தப் பரிசோதனையிலதான் தெரிஞ்சுது. வேண்டாம்னுட்டாங்க. மாமியாருக்கு 71 வயசு. கொழுந்தனாருக்கு ரத்த வகை சேரலை. இவர் ஓ பாசிட்டிவ், இவருக்கு ஓ வகைதான் வேணும். அதனால அரசாங்கப் பட்டியல்ல பதிஞ்சுட்டுக் காத்திருக்கோம். மூளைச்சாவு ஆனவங்க வீட்ல மனசு வச்சுக் குடுத்தா, வரிசைப்படி வரும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன மாசியில ஒரு நாள் ராத்திரி 11 மணிக்குப் போன். ஒரு கிட்னி வந்திருக்கு, உங்களோட இன்னும் ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கோம், யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்கு, எதுவும் சாப்பிடாம உடனே கிளம்புங்கன்னாங்க. பக்கத்து வீட்டுத் தம்பி கார் எடுத்தான். அந்த ராத்திரி மாதிரி நான் எந்த நாளும் சந்தோஷமா இருந்ததில்லை. கல்யாணத்தன்னைக்குக்கூட இல்லை. விக்கிரவாண்டி, திண்டிவனம், செங்கல்பட்டுன்னு வழியில எந்தக் கோபுர விளக்கு தெரிஞ்சாலும் கும்பிட்டுக்கிட்டே போனேன்.

அவருக்கு ரத்தம் எடுத்துட்டு எங்களை வராந்தாவுல உட்கார வச்சாங்க. எதிர் பெஞ்சுல ஒரு அம்மா. என் வயசுதான் இருக்கும். மடியில ஒரு மஞ்சப்பை. பையிலேருந்து ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பை எடுத்தாங்க. ஒரு செருப்புல வார் பிடுங்கிக்கிட்டிருந்துச்சு. அந்த வாரோட குமிழை ஓட்டையில வச்சுக் கட்டைவிரலால அழுத்தறாங்க, உள்ள போகுது, செருப்பைத் தூக்கினா திரும்ப வெளியில வந்துடுது. மறுபடி அழுத்தறாங்க. அழவே இல்லை. அதை மட்டுமே செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. வேற ஏதோ நோயாளியோட ஆளாக்கூட இருக்கலாம். நான் கேட்கலை. ஆனா அந்த நிமிஷம்தான் எனக்கு உறைச்சுது, நான் வழியெல்லாம் எதுக்குச் சந்தோஷப்பட்டுக்கிட்டு வந்தேன்னு.

காலையில 9 மணிக்கு, குடுக்கறவங்க ரத்தத்தோட இவர் ரத்தத்தைச் சேர்த்துப் பார்க்கற கிராஸ்மேட்ச் சரிவரலை, இன்னொருத்தருக்குப் பொருந்திடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. திரும்பி வர்றப்ப அவர், “அந்தப் பையனுக்கு என்னைவிடச் சின்ன வயசு, போகட்டும்”னு சொல்லிட்டுத் தூங்கிட்டார். அவரால முடியுது.

எனக்குத்தான் அன்னையிலேருந்து சாமி கும்பிடவே வரலை. கிட்னி கிடைக்கணும்னு வேண்டறதும், எவ வீட்டுப் பிள்ளையோ ரோட்டுல அடிபட்டுச் சாகணும்னு வேண்டறதும் ஒண்ணுதானே? டிவியில விபத்துச் செய்தி ஓடினா, “ஐயோ பாவம்”ங்கறதுக்கு முன்னாடி என் மனசு “என்ன ரத்த வகையோ”ங்குது. என்னை நினைச்சா எனக்கே பயமா இருக்கு. திங்கக்கிழமை தவறாம திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் போறேன். அத்தாம்பெரிய லிங்கத்துக்கு முன்னால வாயடைச்சு நின்னுட்டு, திருநீறு வாங்கிக்கிட்டு வந்துடறேன்.

பொறுமையா இரு, கடவுளை நம்புன்னு எல்லாரும் சொல்றாங்க. தப்பாச் சொல்லலை, பிரியத்துலதான் சொல்றாங்க. ஆனா பொறுமையா இருக்கறதுன்னா என்ன செய்யணும்? நம்பறதுன்னா எதை நம்பணும்? கிடைக்கும்னா, கிடைக்காட்டியும் பரவாயில்லைன்னா? இந்த மாதிரி காத்திருந்தவங்க யாராவது இருந்தா, நீங்க நிஜமா என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க.

—

சிவசிந்தனை எழுதியது:

சகோதரி, எல்லாம் அவன் செயல். அப்பர் பெருமானைச் சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள் அடைத்து வைத்தார்கள். வெந்து போகவில்லை. “மாசில் வீணையும் மாலை மதியமும்” என்று பாடிக்கொண்டு வெளியே வந்தார். ஈசன் திருவடி நிழலில் இருக்கிறோம் என்ற உறுதி இருந்தால் நெருப்பும் பொய்கையாகிவிடும். தினமும் காலையில் அந்தப் பதிகத்தைப் பாராயணம் செய்யுங்கள். மனம் குளிரும். திருச்சிற்றம்பலம்.

—

கெடிலக்கரை எழுதியது:

நன்றிங்க ஐயா. அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம், தினமும்தான் பாடறேன். பாடறப்ப அந்தக் குளிர்ச்சி வராததாலதான், என் பக்தியிலேயே ஏதோ குறைன்னு தோணுது.

—

உழவாரம் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை நேற்று ராத்திரி படித்தேன், காலையில் எழுந்து மறுபடி படித்தேன். எனக்கு 68 வயது. 32 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தினேன். என் கணவர் பக்கவாதம் வந்து 9 வருஷம் படுக்கையில் கிடந்தார். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சிவசிந்தனை ஐயா சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அப்பர் எடுத்த எடுப்பில் மாசில் வீணை பாடிவிடவில்லை. அவருடைய முதல் பதிகம் பிறந்தது, திங்கள்தோறும் நீங்கள் வாயடைத்து நிற்கிறீர்களே, அதே சந்நிதியில். சூலைநோய் வயிற்றைப் பிடுங்க, அக்காவைத் தேடி ராத்திரியோடு ராத்திரியாக வந்தவர் பாடியது. “கூற்றாயினவாறு விலக்ககிலீர்” என்று தொடங்குகிறது. எமனாக வந்து நிற்கிற இந்த நோயை நீர் விலக்கவில்லையே என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். என்ன வலி, எப்படி வலி, குடலோடு சேர்த்து எப்படி முறுக்கி முடக்குகிறது என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லுகிறார். கடைசியில் “ஆற்றேன் அடியேன்.” என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இந்தப் பதிகத்தை எத்தனையோ வருஷம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். “ஆற்றேன்” என்றால் எதிர்மறைத் தன்மை ஒருமை வினைமுற்று என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தச் சொல் எனக்குப் புரிந்தது பின்னால். என் கணவருக்கு முதுகில் படுக்கைப்புண் கண்டிருந்தது. ராத்திரி 2 மணிக்கு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கனத்த உடம்பு. மூன்று தடவை முயன்றும் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். மாசில் வீணை அன்றைக்கு என் வாயில் வரவில்லை. உங்கள் பக்தியில் குறை இல்லை அம்மா. நீங்கள் முதல் பதிகத்தில் இருக்கிறீர்கள், காளவாய்ப் பதிகத்தின் குளிர்ச்சியைத் தேடுகிறீர்கள்.

இன்னொன்று. திருவதிகையில் திலகவதியாரைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். எல்லாரும் தம்பியைப் பாடுகிறார்கள். எனக்கு அக்காதான் பெரியவர். அப்பா போனார், அம்மா போனார், நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போர்க்களத்தில் போனார். தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டார். அந்தத் தம்பியும் சமணத்துக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் அதிகைக்கு வந்து, விடிவதற்கு முன்னால் வாசல் கூட்டுவதும், மெழுகுவதும், பூப்பறித்து மாலை கட்டுவதுமாக இருந்தார். தம்பியை மீட்டுத் தர வேண்டும் என்று மட்டும் கேட்டார். சேக்கிழார் ஒரு காட்சி வைக்கிறார். தம்பி நோயோடு வந்து காலில் விழுகிறார். திருநீறு கொடுக்கிறார். அதற்குள் பள்ளியெழுச்சி நேரம் ஆகிவிடுகிறது. துடைப்பத்தையும் மெழுகு தோண்டியையும் எடுத்துக்கொண்டுதான் அக்கா கோயிலுக்குள் போகிறார், தம்பியும் பின்னாலேயே போகிறார். தம்பி வந்த நாள் என்று அன்றைய கூட்டல் மெழுகலை அவர் விடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பதில் அந்தத் துடைப்பம்தான்.

தம்பியைக் கேட்டார், சூலைநோயை அவர் கேட்கவில்லை. நீங்களும் கணவருடைய உயிரைத்தான் கேட்கிறீர்கள். எந்த வழியாக என்பது அவன் பாடு. அதைப் போட்டு நீங்கள் சுமக்காதீர்கள்.

என் கதையைச் சொல்லுகிறேன். 9 வருஷத்தில் முதல் 5 வருஷம், பொறுமை என்றால் அசையாமல் கிடப்பது என்று நினைத்து வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். ஆறாவது வருஷம் என் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்தாள். கோயில்களில் களை எடுத்துச் சுத்தம் செய்கிற ஓர் உழவாரக் கூட்டத்தோடு நான் போனேன். முதல் நாள் எனக்குப் பிராகாரத்தில் ஒரு மூலை கொடுத்தார்கள். முழுக்கக் கோரை. கோரையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலே நறுக்கினால் மூன்றாம் நாள் தலை நீட்டும். அடியில் கறுப்பாக ஒரு சின்னக் கிழங்கு, அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர் அடுத்த கிழங்குக்கு ஓடும். வேகமாக இழுத்தால் நூல் அறுந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். உழவாரத்தைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றிலும் மண்ணை நெகிழ்த்திவிட்டு, விரலை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். குளியல் பொடியில் போடுவோமே, அந்த வாசனை கையெல்லாம் ஏறிவிடும். ஒரு சாண் இடம் சுத்தமாகக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் நான் அவரைப் பற்றி நினைக்கவில்லை என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது. 5 வருஷத்தில் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அவரைப் புரட்டிப் போட்டபோது கை நடுங்கவில்லை.

ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் அந்தக் கோயிலிலேயே கேட்டுப் பாருங்கள், இடம் காட்டுவார்கள். கோபுரத்திலும் மதிலிலும் முளைத்த அரசங்கன்றை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். வேரோடு கல்லும் பெயர்ந்து வரும். அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

—

நாலாவது ஷிஃப்ட் எழுதியது:

அக்கா, நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், 11 வருஷ சர்வீஸ். சாமி விஷயம் பெரியவங்க சொல்லிட்டாங்க. நான் மெஷின் பக்கத்துல நின்னு பார்த்ததைச் சொல்லிடறேன், ஏன்னா கோயிலுக்குப் போறவங்கதான் எங்ககிட்ட அடிக்கடி சிக்கலோட வர்றாங்க.

பஞ்சாமிர்தம் வேண்டாம், அதுல வாழைப்பழம், பேரீச்சை. அபிஷேக இளநீரும் வேண்டாம். பிரசாதம்னு ஒரு கரண்டிதானேன்னு மூணு கோயில்ல மூணு கரண்டி சாப்பிட்டுட்டு வருவாங்க. திருநீறு போதும்னு சொல்லிடுங்க. காய்கறியைப் பொடியா நறுக்கி, நிறையத் தண்ணியில ஊறவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, வேற தண்ணியில வேகவச்சு, அதையும் வடிச்சிடுங்க. உப்பைக் குறைக்கணும்னு கடையில லோ சோடியம் உப்பு வாங்கிடாதீங்க, அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் இருக்கும். மாலை போட்டுட்டோம், மலைக்குப் போறோம்னு ஒரு டயாலிசிஸைக்கூடத் தள்ளக்கூடாது. எங்க யூனிட்ல ஒருத்தர் அப்படித் தள்ளிட்டு மூச்சு முட்டித்தான் வந்தார். நல்லவேளையா பிழைச்சார். சாமி மேல நம்பிக்கை வைக்கறவர் செவ்வாய்க்கிழமை காலையில டாண்ணு வந்து படுக்கணும், அதுதான் எங்க ஆசை.

அண்ணன் ஃபிஸ்டுலா போட்ட கையில, அதான் டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாயை இணைச்சு வச்ச கையில, பழம் தூக்க விடாதீங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்துல உங்க உள்ளங்கையை வச்சுப் பாருங்க. பூனை மடியில படுத்து உறுமற மாதிரி ஒரு அதிர்வு இருக்கணும். இருந்தா நிம்மதியாத் தூங்கலாம். அதிர்வு இல்லைன்னா காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க, அப்பவே போன் பண்ணுங்க.

—

ஜாமக்காரன் எழுதியது:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. நான் காத்திருந்தவன் இல்லை. கொடுத்தவன்.

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் இரவுக் காவல் வேலை பார்க்கிறேன். 2019-ல் எங்கள் ஒரே மகன் பைக்கில் போகும்போது லாரி மோதியது. 22 வயது. மூளைச்சாவு என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஒரு தடவை சோதித்துவிட்டு முடிவு சொல்லிவிட மாட்டார்கள். குறைந்தது 6 மணி நேரம் விட்டு இரண்டாம் முறை அதே சோதனைகளைச் செய்வார்கள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கையைத் தொட்டால் சூடாக இருக்கும். அந்த 6 மணி நேரம் நானும் என் மனைவியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. அவள் 130-ஆம் சங்கீதத்தில் ஒரு வசனத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப் பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்று வரும். எனக்காகத்தான் அதை எடுத்தாள் என்று நினைக்கிறேன். ஜாமக்காரன் வேலைதானே எனக்கு.

விடியவில்லை. இரண்டாம் சோதனையும் அப்படியே வந்தது. அதற்குப் பிறகு ஒருவர் வந்து மெதுவாகக் கேட்டார். நான் பேசுவதற்குள் என் மனைவி சரி என்றாள். 2008-ல் திருக்கழுக்குன்றத்தில் ஒரு டாக்டர் தம்பதி தங்கள் பையனுடைய உறுப்புகளைக் கொடுத்தது பேப்பரில் வந்தது அவளுக்கு நினைவிருந்தது. அப்போது எங்கள் மகனுக்கு 11 வயது, அவனுக்கு அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். இரண்டு சிறுநீரகம், கல்லீரல், கண்கள். யாருக்குப் போனது என்று சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

உழவாரம் அம்மா எழுதியது எல்லாம் எனக்குப் பிடித்தது. ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எந்த வழியாக என்பது அவன் பாடு என்றீர்கள். அப்படியானால் என் மகன் யாரோ ஒருவருடைய வேண்டுதலுக்கு வழியாகிவிடுகிறான். அப்படி ஒரு கணக்கை என் ஆண்டவர் போடுவார் என்று நான் நம்ப மாட்டேன். அவன் செத்தது லாரியால். வளைவில் விளக்கில்லாமல் நின்று திரும்பிய லாரியால். அதற்கும் அன்றைக்கு எங்கோ தாகத்தோடு உட்கார்ந்திருந்தவருக்கும் சம்பந்தம் இல்லை.

அதனால் கெடிலக்கரை அம்மா, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இது. உப்பளத்தில் நான் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன். 3 மணிக்குக் கிழக்கே பார்ப்பேன், 4 மணிக்குப் பார்ப்பேன். நான் பார்ப்பதால் விடிவதில்லை. நீங்கள் காத்திருப்பதால் யார் வீட்டுப் பிள்ளையும் சாகவில்லை. எங்கள் முகத்தைப் பார்க்க நீங்கள் வெட்கப்பட வேண்டாம். அந்தச் செருப்பு வைத்திருந்த அம்மா யாராக இருந்தாலும் அவர் சார்பிலும் நான் இதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். எங்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்தது அவனுடைய கைக்கடிகாரம். கண்ணாடி உடைந்து ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்பது உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லை. நேற்று என் மனைவிக்கு அந்தப் பாட்டில் விஷயத்தை வாசித்துக் காட்டினேன். அப்படியானால் எங்கோ இரண்டு பேர் சொம்பை எடுத்து வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய்ப் பானையில் ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். எனக்கும் ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

—

உழவாரம் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். அந்த வரியை நான் ஒரு பக்கம் நின்று எழுதிவிட்டேன். உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். திலகவதியாரைப் பற்றிச் சொன்னது இருக்கட்டும்.

—

கெடிலக்கரை எழுதியது:

பதில் போட இத்தனை நாள் ஆனதுக்கு மன்னிச்சுக்கங்க. ஜாமக்காரன் ஐயா எழுதினதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்கு எதுவும் எழுத வரலை.

திங்கக்கிழமை அதிகைக்குப் போனேன். சந்நிதியில வழக்கம்போல நின்னேன். ஆசிரியை அம்மா சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னேன். பதிகம் முழுக்கப் பாடலை. ஆற்றேன்னு சொன்னதும் அழுகை வந்துடுச்சு, மாசியிலேருந்து வராத அழுகை. குருக்கள் ஒண்ணும் கேட்கலை, திரையைப் பாதி இழுத்துவிட்டுட்டு உள்ள போயிட்டார். அப்புறம் கேட்டுக்கிட்டு, பிராகாரத்துல ஒரு ஓரமா உட்கார்ந்து வீட்லேருந்து கொண்டுபோன களைக்கொட்டால கொஞ்ச இடம் கிளறினேன். நீங்க சொன்ன மாதிரியே நூல் அறுந்து அறுந்து போச்சு அம்மா. முழுசா வந்தது ஏழே ஏழு கிழங்கு. மண்ணைத் தட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்தேன், ஏன்னு தெரியலை. ஜன்னல் திட்டுல வச்சிருக்கேன்.

அப்புறம் திலகவதியார் முன்னால ஒரு விளக்கு வச்சேன். அந்தச் செருப்பு வச்சிருந்தவங்களுக்கு. பேர் தெரியாதவங்களுக்கு என்னன்னு சொல்லி வைக்கறதுன்னு யோசிச்சேன், சொல்லாமலே வச்சேன். இப்ப எனக்கு வேண்டிக்க ஒண்ணு இருக்கு. கிட்னி கேட்கறதை நிறுத்திட்டேன்னு சொன்னா பொய். அதுவும் வருது. ஆனா அதுக்கு முன்னாடி, எந்த வீட்டுலேருந்து வந்தாலும் அந்த வீட்டுக்கு ஆறுதல் குடுன்னு வருது. விபத்துச் செய்தி பார்க்கறப்ப இன்னும் மனசு அப்படித்தான் ஓடுது, அது நிக்கலை. ஓடறப்ப, அந்தப் பையனோட அம்மா அப்பாவுக்காக ஒரு தடவை சிவசிவான்னுக்கறேன்.

டெக்னீஷியன் தம்பி, தினமும் ராத்திரி கை வச்சுப் பார்க்கறேன். உறுமல் நல்லா இருக்கு. நான் கை வச்சதும் அவரும் பேச்சை நிறுத்திட்டுக் கவனிக்கறார். காய் வேகவச்ச தண்ணியை வடிச்சிட்டா சாம்பார்ல ருசியே இல்லைங்கறார். அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க, புளியும் அளவாத்தான் போடறேன்.

ஜாமக்காரன் ஐயா, நீங்க எழுதினதை அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். பாதியில எழுந்து வாசலுக்குப் போயிட்டார், மிச்சத்தை அங்க நின்னுதான் கேட்டார். மறுநாள் மண்டியிலேருந்து வந்து உங்க ஊருக்கு லாரி சர்வீஸ்ல பார்சல் எத்தனை நாள்ல போகும்னு விசாரிச்சார். ஒரு காயைத் தனியா எடுத்து வச்சிருக்கார். நல்ல கையாலதான் தட்டிப் பார்த்தாராம். நாலு நாள் தாங்கும், உங்க கைக்கு வர்றப்ப பழுத்திருக்கும்ங்கறார். அம்மாவுக்கும் உங்களுக்கும். முகவரியைத் தனிமடல்ல அனுப்புங்க ஐயா, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பினா நாளைக்கே ஏத்திடுவார்.